வடக்கே மரம், தெற்கே கோடரி
வட எல்லை மலைகள்: தொடர் 17

சென்ற வாரம் 1960 ஏப்ரல் 1-இல் நிறுத்தியிருந்தேன். எல்லைத் தகராற்றில் நடுவராக இருந்த பட்டாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி நாடாளுமன்றம் 1959-இல் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணியும் பள்ளிப்பட்டும் அவற்றை ஒட்டிய ஊர்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து பல ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் கே. விநாயகமும் முன்னின்று நடத்திய வட எல்லைப் போராட்டத்துக்குப் பாதியாவது பலன் கிடைத்தது. திருப்பதி கைவிட்டுப் போனது, திருத்தணி நின்றது.

அந்தக் கோட்டை வரைந்தவர்கள் ஊரை அலகாகக் கொண்டார்கள். எந்த ஊரில் எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், ஊரோடு ஊர் தொடர்ந்து வருகிறதா என்று பார்த்தார்கள். குடியில்லாத மலைக்கு மொழி ஏது? ஆகவே காடு அந்தக் கணக்கில் பின்னால்தான் வந்தது. அதன் விளைவைப் பொதட்டூர்பேட்டையில் நின்றே பார்க்கலாம். தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மழை மேகம் கூடுகிறதா என்று அண்ணாந்து பார்க்கும் நகரி மலை ஆந்திரத்தில் இருக்கிறது. தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைத் தாண்டித்தான் நடக்கின்றன. காட்டு விஷயத்தில் மட்டும் அந்தக் கோடு கூர்மையானது. அந்தக் கூர்மை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல ஒரு மரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

செம்மரம். செஞ்சந்தனம், ரத்தசந்தனம் என்றும் சொல்வோம். தெலுங்கில் எர்ரசந்தனம். சந்தனத்துக்கும் இதற்கும் உறவு எதுவும் கிடையாது. இது வேங்கையின் தம்பி. இரண்டும் ஒரே பேரினம். கடப்பை, சித்தூர், நெல்லூர் மலைகளிலும், அவற்றை ஒட்டிய கர்நூல், பிரகாசம் பக்கத்து மலைகளிலும்தான் இது காடாக வளர்கிறது. சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில் ஒரு சிறு துண்டு நிலம். இந்தியாவின் மற்ற இடங்களிலோ, உலகின் வேறு மூலையிலோ இது தானாக முளைத்துக் காடானதில்லை. அந்தத் துண்டின் தெற்கு விளிம்பு மட்டும்தான் தமிழ்நாட்டைத் தொடுகிறது.

ஏன் அங்கே மட்டும் என்றால், மண்ணைப் பார்க்க வேண்டும். அந்த மலைகளில் மண் என்று சொல்லும்படி அதிகம் இல்லை. படிகப்பாறையும் களிப்பாறையும் அடுக்கடுக்காகக் கிடக்கும். இடையே ஒரு சாண் சரளை மண். தண்ணீர் தங்காது, மழையும் கம்மி, வெயிலோ பாறையைச் சுடும். மற்ற மரங்கள் குட்டையாகி முள்ளாகிப் போகிற அந்த இடத்தில் செம்மரம் பாறை இடுக்கில் வேரை இறக்கி நிமிர்ந்து நிற்கிறது. கோடையின் தொடக்கத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். மூன்று மூன்று சிற்றிலைகளாக மறுபடி தளிர்க்கிற காலத்தை ஒட்டி மஞ்சள் பூக்கள் வரும். பிறகு வட்டமான, ஓரத்தில் இறகு போன்ற விளிம்புள்ள காய்கள். பட்டை கறுத்து, கட்டம் கட்டமாக வெடித்து, முதலைத் தோல் போலிருக்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். இந்தக் குணம் இல்லாவிட்டால் காடு எப்போதோ தீர்ந்திருக்கும்.

வளர்ச்சி மிக மெது. வெளிறு வெளுப்பாக இருக்கும், உள்ளே வைரம் பாய இருபது முப்பது வருடம் பிடிக்கும். பாய்ந்த வைரம் அடர்ந்த சிவப்பு, நாளாக ஆக ஊதா கலந்த கறுப்பு. தண்ணீரில் போட்டால் மூழ்கும். கரையான் தொடாது. நல்ல மண்ணில் வளர்த்த மரத்துக்கும் பாறையில் வளர்ந்த மரத்துக்கும் வித்தியாசம் உண்டு. பாறையில் கஷ்டப்பட்டு வளர்ந்த சில மரங்களின் வைரத்தில் அலை அலையாக ரேகை ஓடும். உலகச் சந்தையில் உச்ச விலை அந்த அலை ரேகைக்குத்தான்.

தமிழ் வீடுகளில் இந்த மரம் முதலில் நுழைந்தது பொம்மையாக. மரப்பாச்சியைச் சொல்கிறேன். திருப்பதி போனவர்கள் ராஜா ராணியாக, ஜோடியாக வாங்கி வருவார்கள். கல்யாணச் சீரில் ஒரு ஜோடி போகும். நவராத்திரி கொலுவின் மேல் படியில் புதுத் துணி கட்டி நிற்கும். குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் பயமில்லை என்று கொடுத்தார்கள். வீக்கத்துக்கும் கொப்புளத்துக்கும் அதையே கல்லில் உரைத்துப் பற்றுப் போட்டார்கள். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் ரத்தசந்தனத்துக்கு இடம் உண்டு. பொம்மையே மருந்தாகவும் இருந்த வீட்டில் இந்த மரத்துக்கு விலை என்ற ஒன்று பெரிதாகத் தெரிந்திருக்காது. கடப்பைக் காட்டை ஒட்டிய ஊர்களில் வீட்டுத் தூணும் வண்டிப் பாகமும் வேலிக் கம்பமும் செம்மரமாகவே இருந்தன. கரையானுக்கு அஞ்சாத மரம் பக்கத்திலேயே கிடைக்கும்போது வேறு எதைத் தேடுவார்கள்?

விலை வெளியில்தான் பிறந்தது. அது பல நூற்றாண்டுக் கதை. அரபு வணிகர் வழியாக ஐரோப்பாவுக்குப் போன செம்மரத் தூள், அங்கே இடைக்காலச் சமையலறையில் உணவுக்குச் சிவப்பேற்றப் பயன்பட்டது. பின்னாளில் பிரிட்டிஷ் மருந்து நூலில் லாவெண்டர் கலந்த ஒரு சாராயக் கரைசலுக்கு நிறம் கொடுக்கச் சேர்க்கப்பட்டது. சான்டாலின் என்கிற அந்தச் சிவப்பு நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். கம்பளி நூலில் நன்றாகப் பிடிக்கும். கம்பளிச் சாயத்துக்கென்றே ஐரோப்பா இதைக் கட்டை கட்டையாகக் கேட்டது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலத் துணிதான் அவர்கள் முதல் தேட்டம் என்றாலும், அவர்களின் சரக்கில் செம்மரமும் இருந்தது. காலியாத்தூர் கட்டை என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். 1639-இல் தமர்லா வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து சென்னைக் கடற்கரைத் துண்டைப் பெற்ற ஆங்கிலேயர்களுக்கும் இந்தக் கட்டை பழக்கமானது. துணி மூட்டைகள் எடை குறைந்தவை, கப்பல் நிலைகொள்ள அடியில் கனம் வேண்டும். வெடியுப்பும் செம்மரமும் அந்த இடத்தை அடைத்தன. ஒரே கட்டை கப்பலுக்குப் பாரமாகவும் இருந்தது, இறங்குகிற துறையில் காசாகவும் ஆனது. சென்னைக்கு வந்த மாலுமிகள் கரை தெரியும் முன்பே ஒரு மலை உச்சியை அடையாளம் பார்ப்பார்கள். கடலிலிருந்து மூக்கு போலத் தெரியும் அந்த உச்சியை நகரி மூக்கு என்று வரைபடங்களில் குறித்தார்கள். பொதட்டூர்பேட்டைக்கு வடக்கே நிற்கிற அதே மலைதான்.

இந்த இடத்தில் நெசவாளர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நகரி, புத்தூர், பொதட்டூர்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுவதும் நெசவு ஊர்கள். வடக்கே சிவப்புச் சாயம் தரும் மரக்காடு, கீழே தறி. இரண்டும் கைகோத்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பருத்தியில் செம்மரச் சாயம் நிலைக்காது. சோழமண்டலத் துணியின் பேர்போன சிவப்பு, மணற்பாங்கான கரையோரத்தில் தோண்டியெடுத்த சாயவேரிலிருந்து வந்தது. நம் மலையின் மரம் ஐரோப்பியக் கம்பளியைச் சிவப்பாக்கியது, நம் பருத்தியைக் கரையோரத்துச் செடி சிவப்பாக்கியது. மரத்தின் பக்கத்திலேயே குடியிருந்தவர்களுக்கும் மரத்தின் விலைக்கும் தொடர்பில்லாமல் போனது அப்போதே தொடங்கிவிட்டது என்று எனக்குப் படுகிறது. பிறகு ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபெயும் லீபர்மனும் 1868-இல் அலிசரினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள். தொழிற்சாலைச் சாயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில பத்தாண்டுகளில் சாயவேரும் விழுந்தது, செம்மரச் சாயமும் விழுந்தது.

சாயம் விழுந்தபோது மரம் தப்பியிருக்க வேண்டும். ஆனால் அதே காலத்தில் ரயில் வந்தது. அரக்கோணத்தில் பிரிந்து திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா, கோடூர், கடப்பை வழியாகப் போன சென்னை ரயில்வேயின் வடமேற்குத் தடம் 1871-இல் ராய்ச்சூரைத் தொட்டது. அது செம்மரக் காட்டின் நடுவே ஓடுகிற தடம். அந்நாள் இன்ஜின்களில் பல விறகில் ஓடின. எந்த மரமானாலும் எரிந்தால் போதும் என்ற நிலையில் தடத்தின் இரு பக்கமும் வெட்டு நடந்தது.

சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளர் ஹியூ கிளெகார்ன் 1856-இல் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் வந்த பெடோம் தென்னிந்திய மரங்களைப் பற்றிய தம் பெரிய நூலில் செம்மரத்தையும் படத்தோடு பதிந்தார். கடப்பைப் பக்கம் கோடூரில் செம்மரத்தை நட்டு வளர்க்கும் முயற்சியும் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. 1881-இல் டீட்ரிக் பிராண்டிஸ் மாகாணக் காடுகளைச் சுற்றிப் பார்த்தார். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்ற சொல் ஊர்மக்கள் வாழ்க்கைக்குள் நுழைந்தது அந்தச் சட்டத்தால்தான். ஆடு மேய்க்க, விறகு பொறுக்க, தூணுக்கு ஒரு மரம் வெட்ட என்று காலங்காலமாக இருந்த வழக்கம் எல்லாம் அனுமதிக்கு உட்பட்டதாக மாறியது.

நம் பக்கத்து நிலை சற்று வேறு. திருத்தணி, பள்ளிப்பட்டு, நாராயணவனம், புத்தூர் எல்லாம் கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்தவை. பொம்மராஜபாளையம் என்று பழைய பத்திரங்களில் வருவது இதுதான். ஜமீன் காடு அரசின் காப்புக்காடு ஆகாது. ஜமீனுக்குக் கடன் ஏறினால் காட்டைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைக்காரர் சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கு விறகு அனுப்புவார். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வருவதற்குள் நம் பக்கத்துக் குன்றுகள் பெரும்பாலும் மொட்டையாகிவிட்டன. வடக்கே காப்புக்காட்டில் மரம் நின்றது, தெற்கே ஜமீன் காட்டில் நிற்கவில்லை. 1960-இல் கோடு போடுவதற்கு முன்பே மரத்தின் எல்லை வடக்கே நகர்ந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் செம்மரத்தைக் கேட்டவர்கள் வேறு ஆட்கள். ஜப்பானில் ஷாமிசென் என்றொரு மூன்று தந்தி வாத்தியம் உண்டு. கபுகி நாடகத்திலும் புன்ராகு பொம்மலாட்டத்திலும் அதுதான் முக்கிய இசை. அதன் கழுத்துக்கு மிக உயர்ந்த மரமாக அவர்கள் மதிப்பது செம்மரத்தை. கனமும் விறைப்பும் உள்ள மரம், ஈரத்துக்குக் கோணாது, நாதம் தெளிவாக வரும். பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள், ஆனால் வாங்கிய அளவு ஓரளவுக்குள் நின்றது.

சீனா அப்படியில்லை. மிங், சிங் அரச மரபுகளின் காலத்திலிருந்தே ஸிடான் என்ற கருஞ்சிவப்பு மரத்தில் செய்த நாற்காலியும் அலமாரியும் அரண்மனைக்குரியவை. 2000-இல் சீன அரசு உயர்வகை மரச்சாமான்களுக்கு ஒரு தேசியத் தரநிலை வெளியிட்டது. அதில் ஸிடான் என்ற பெயருக்கு உரிமையுள்ள ஒரே இனமாகக் குறிக்கப்பட்டது நம் செம்மரம். அதற்கு முந்தைய ஆண்டுதான் பெய்ஜிங்கில் செம்மர வேலைப்பாடுகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சீனாவில் புதிதாகப் பணம் சேர்ந்தவர்கள் அரண்மனைச் சாமானை வீட்டில் வைக்க ஆசைப்பட்டபோது, உலகில் ஒரே இடத்தில் விளைகிற மரத்தின் மீது அந்த ஆசை முழுவதும் இறங்கியது.

இந்தியா அதற்கு முன்பே கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தது. காட்டு மரத்தின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1995-இல் அழிவு ஆபத்துள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்ந்தது. கதவைச் சாத்தியது சரிதான். ஆனால் வாங்குகிறவன் கையில் பணம் இருக்கும்போது பூட்டு, சரக்கைக் கள்ள வழிக்குத் திருப்புகிறது. கண்டெய்னரில் வேறு சரக்கின் பெயரைச் சொல்லி அடியில் செம்மரம் அடுக்கினார்கள். சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களில் வருவாய்ப் புலனாய்வுத் துறை தொடர்ந்து பிடித்தது. நேபாளம் வழியும் மியான்மர் வழியும் துபாய் வழியும் திறந்தன. காட்டிலிருந்து துறைமுகத்துக்கு வருகிற பாதை சித்தூரிலிருந்தும் புத்தூரிலிருந்தும் நகரி, திருத்தணி, திருவள்ளூர் பக்கமாகச் சென்னைப் புறநகர்க் கிடங்குகளுக்கு இறங்குகிறது. நம் ஊர்ச் சாலைகள் இந்தக் கதைக்குள் வந்தது அப்படித்தான்.

வெட்டுவதற்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? இந்தக் கேள்வியில்தான் இந்த வாரக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். சேஷாசலத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் வனத்துறைக்குத் தெரிந்த முகங்கள். கடத்தல் முதலாளிகளுக்குத் தெரியாத முகங்கள் வேண்டியிருந்தன. செங்குத்தான பாறைச் சரிவில் ஏறத் தெரிந்து, இரவோடு இரவாக மரத்தைச் சாய்த்து, வெளிறை அரம் போட்டதுபோலச் சீவி, வைரக் கட்டையைத் தோளில் சுமந்து பல மைல் இறங்கக்கூடிய ஆட்கள் வேண்டியிருந்தார்கள். ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் அவர்கள் கிடைத்தார்கள். பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி மக்கள். மானாவாரியாகச் சாமையும் தினையும் விளைகிற மேட்டு நிலம், ஆண்டில் பாதி நாள் வேலை கிடையாது. கேரளத்துக்குக் காபித் தோட்டக் கூலியாகவும், கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்வந்த மக்கள். ஊருக்குள் வந்த தரகர் முன்பணம் நீட்டினார். எங்கே வேலை, என்ன மரம் என்பது சிலருக்குத் தெரிந்திருக்கும், சிலருக்கு மரம் வெட்டும் வேலை என்று மட்டும் சொல்லியிருப்பார்கள்.

2021-இல் வந்த 'புஷ்பா' படத்தில் ஒரு வெட்டுக் கூலி கடத்தல் ராஜாவாக உயர்கிறான். நாடே பார்த்துக் கைதட்டியது. கதாநாயகனுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஜவ்வாது மலையில் அப்படி உயர்ந்த ஒரு கூலியை யாரும் காட்ட முடியாது. அங்கே இருப்பது வழக்குகள், ஜாமீனுக்காக விற்ற நிலங்கள், ஆந்திரச் சிறைகளில் கழிந்த வருடங்கள்.

2013 டிசம்பரில் திருமலையை ஒட்டிய காட்டில் ஆந்திர வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். காட்டைக் காக்கச் சம்பளத்துக்குப் போன இரண்டு மனிதர்கள், அவர்கள் வீட்டிலும் காத்திருந்தவர்கள் உண்டு. அதை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது. அந்தக் கொலைக்குப் பின் தமிழகத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். யார் கல்லெறிந்தவர், யார் ஓடியவர், யார் அந்தப் பக்கமே போகாதவர் என்று பிரித்துப் பார்க்காத வழக்கு அது. செம்மரக் கடத்தல் தடுப்புக்கென்று தனிப்படை அமைந்தது.

2015 ஏப்ரல் 7. சந்திரகிரிக்கு அருகே சேஷாசலக் காட்டில் இரண்டு இடங்களில் தமிழர் 20 பேரை அந்தத் தனிப்படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர்களைப் பாதி வழியில் இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். சடலங்களின் அருகே கிடந்த கட்டைகள் அப்போது வெட்டியவை அல்ல, முன்பு பிடித்து எண்ணிட்டு வைத்திருந்தவை என்ற கேள்வியை மனித உரிமை அமைப்புகள் எழுப்பின. ஆணையம் மத்தியப் புலனாய்வு விசாரணை வேண்டும் என்றது, குடும்பங்களுக்கு இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. பிறகு நடந்ததெல்லாம் நீதிமன்றத் தடை, வாய்தா, மறுபடி வாய்தா. 2016-இல் ஆந்திரம் தன் வனச் சட்டத்தைத் திருத்திச் செம்மரக் குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டியது. அந்தக் கூடுதல் தண்டனையும் பெரும்பாலும் கூலிகள் தலையில்தான் விடிந்தது. பெய்ஜிங்கில் அலமாரி வாங்கியவர் வரைக்கும் வேண்டாம், சென்னைக் கிடங்குக்கு வாடகை கொடுத்தவர் வரைக்குமாவது வழக்கு ஏறியது எத்தனை முறை?

எல்லைக் கோட்டின் கூர்மை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். ஒரே மலைத்தொடரின் வடக்கு மாநிலத்தில் மரமும், மரத்தைக் காக்கும் சட்டமும், பிடிபட்ட கட்டையை ஏலம் விட்டு வருகிற வருமானமும் இருக்கின்றன. தெற்கு மாநிலத்தில் அதை வெட்டப் போகிற வறுமை இருக்கிறது. வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கே. கூலிக்கு வாக்குரிமை உள்ள ஊர் இங்கே. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஜவ்வாது மலையில் என்ன வேலை கொடுக்கலாம் என்று பேசியிருந்தால், சேஷாசலத்துக்குத் துப்பாக்கி வாங்குவதைவிடச் செலவு குறைவாக ஆகியிருக்கும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

மரத்தின் நிலைமையும் ஒன்றும் நன்றாக இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1990-களில் இதை ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தியது. நடுவில் ஒருமுறை சற்றுத் தேறியதாகக் கருதி இரண்டு படி இறக்கியது, பிறகு மறுபடி ஆபத்துப் பட்டியலுக்கே கொண்டுவந்தது. முதிர்ந்த, அலை ரேகை ஓடிய மரங்கள்தான் முதலில் போயின. இன்று காட்டில் பெரிதும் நிற்பவை அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இளமரங்கள். 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையில், அதிகம் பேர் கவனிக்காத ஒரு பக்கம் இருக்கிறது. செம்மரம் காட்டு மரம் மட்டும் இல்லை. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பட்டா நிலத்தில் வரப்போரமாகவும் தோப்பாகவும் நட்டவர்கள் உண்டு. நட்டவர் பாடு எளிதல்ல. இருபத்தைந்து முப்பது வருடம் காத்திருக்க வேண்டும். தம் நிலத்தில் தாம் நட்ட மரம் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறை அனுமதி வேண்டும். இரவில் மரம் களவு போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஏற்றுமதிக்கு வழி இல்லாததால் உள்ளூரில் கேட்ட விலைக்குக் கொடுக்கும் நிலை இருந்தது. 2019-இல் மத்திய அரசு ஏற்றுமதிக் கொள்கையைத் தளர்த்தி, தனியார் நிலத்தில் பயிரிட்ட செம்மரத்துக்கு வழி விட்டது. 2004-இலிருந்து இந்தியச் செம்மர வணிகத்தைத் தனிக் கண்காணிப்பில் வைத்திருந்த சைட்டிஸ், 2023 நவம்பரில் அந்தக் கண்காணிப்பிலிருந்து இந்தியாவை விடுவித்தது.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஓர் உயிர்வளத்தை வாங்கி வணிகம் செய்கிறவர் அதன் பலனில் ஒரு பங்கை, அதை வளர்த்தவருக்கும் காத்தவருக்கும் தர வேண்டும். சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் அந்தப் பங்கை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிறது. 2025-இல் ஆந்திரத்தின் 198 செம்மர விவசாயிகளுக்கு அப்படிப் பணம் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் 18 விவசாயிகளுக்கு 55 லட்சம் ரூபாய் விடுவிக்கப்பட்டது. அந்த 18 பேரும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள், எட்டு ஊர்களில் பரவியிருப்பவர்கள். ஆளுக்குச் சராசரியாக மூன்று லட்சம். தமிழ்நாட்டுச் செம்மர விவசாயிகளுக்கு இப்படி ஒரு பங்கு கிடைத்தது இதுவே முதல் முறை.

தொகை சிறிதுதான். ஆனால் டச்சுக் கப்பலில் ஏறிய காலத்திலிருந்து கணக்கிட்டால், மரம் வளர்ந்த பக்கத்து மனிதர்களின் வங்கிக் கணக்குக்கு மரத்தின் விலையில் ஒரு பங்கு சட்டப்படி வந்து சேர நானூறு வருடம் ஆகியிருக்கிறது. பட்டா நிலம் உள்ளவருக்குத்தான் அந்த வழி திறக்கிறது என்பதும் உண்மை. பள்ளிப்பட்டு வட்டத்தில் தண்ணீர் வற்றித் தரிசாகக் கிடக்கும் சரளைக் காடு ஏராளம். செம்மரத்துக்கு அந்த மண் போதும். வனத்துறை நாற்று கொடுத்து, நட்ட அன்றே மரத்தைப் பதிவு செய்துகொண்டு, வெட்டும் காலத்தில் அனுமதிக்கு அலையவிடாமல் இருந்தால் இங்கே நடுவார்கள். ஜவ்வாது மலையில் வன உரிமைச் சட்டப்படி நிலம் பெற்ற குடும்பங்களுக்கும் இதே ஏற்பாட்டை விரிக்கலாம். ஆந்திரச் சிறைக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த மரத்தைப் பற்றிப் புதிதாக யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வாரம்: கிருஷ்ணாபுரத்திலிருந்து பள்ளிப்பட்டு வரை, கொசஸ்தலையாற்றுத் தண்ணீரை இரண்டு மாநிலங்கள் பங்கிட்ட கதை.

(தொடரும்)